கேபிள் சந்தா இல்லாமல் ஆன்டெனா வழியே பார்ப்பதும் பதிவுசெய்வதும்: மத்திய நியூ ஜெர்சியில் எது பொருந்தும்?

பொருநைக்கரை (வினா)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் இரண்டு தளங்கள் கொண்ட டவுன்ஹவுஸ் ஒன்றில் குடியிருக்கிறோம். இணையமும் தொலைக்காட்சியும் சேர்ந்த எங்கள் கேபிள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இணையத்தை மட்டும் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பகுதியை நிறுத்திவிட எண்ணியிருக்கிறோம். மாதாமாதம் வரும் பில்லில் உள்ளூர் ஒளிபரப்புக்கென்று தனியாக ஒரு கட்டணம் இருக்கிறது; காற்றில் இலவசமாக வருகிற அதே அலைவரிசைகளுக்குத்தான் அந்தப் பணம் என்று தெரிந்தபின் அதைத் தொடர்ந்து கட்ட மனம் ஒப்பவில்லை.

எங்கள் தேவை பெரிதல்ல. மகளுக்குப் பொது ஒளிபரப்பான பிபிஎஸ் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் வேண்டும். எங்களோடு வசிக்கும் என் அப்பா மாலைச் செய்தியைத் தவறாமல் பார்ப்பவர். ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் அந்த சேனல் வர வேண்டும், அவரால் அதற்கு மேல் எதையும் கையாள இயலாது. தமிழ் நிகழ்ச்சிகளுக்கு இணையவழிச் சந்தா தனியாக இருப்பதால் அது இங்கே பேச்சில் இல்லை.

சோதனைக்காக நண்பர் ஒருவரிடமிருந்து தாள்போல் தட்டையான ஆன்டெனா ஒன்றை வாங்கி, வடகிழக்கு நோக்கிய ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன். நியூயார்க் அலைவரிசைகளில் சில தெளிவாக வருகின்றன. சில கட்டம்கட்டமாக உடைகின்றன. பிலடெல்பியாவின் 6-ஆம் சேனல் எந்த ஜன்னலில் வைத்தாலும் வரவே இல்லை. எந்த ஆன்டெனாவை எங்கே பொருத்துவது? வெளியில் ஆன்டெனா வைக்கக் கூடாது என்று எங்கள் குடியிருப்போர் சங்க விதிகளில் எழுதியிருக்கிறது. அதற்கு நாங்கள் கட்டுப்பட வேண்டுமா? பதிவுசெய்ய மாதக் கட்டணம் இல்லாத வழி உண்டா? மகளுக்காகப் பதிவுசெய்யும் சில நிகழ்ச்சிகளை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளவும் விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அலைவாங்கி

வணக்கம். பதிவுசெய்யும் கருவியைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். சிக்னல் சரியாக அமையாத வீட்டில் எத்தனை விலையுயர்ந்த கருவியும் உடைந்த படத்தைத்தான் பதிவுசெய்யும். பழைய அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளிகள் தூவும், ஆனாலும் பார்க்க முடியும். 2009 ஜூன் 12 அன்று முழுத்திறன் நிலையங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறியபின் அந்த இடைநிலை இல்லாமல் போயிற்று. சிக்னல், இரைச்சலைவிட ஏறத்தாழ 15 டெசிபெல் மேலே இருந்தால் முழுத் தெளிவான படம் கிடைக்கும். அதற்குக் கீழே இறங்கினால் எதுவும் கிடைக்காது. நீங்கள் காணும் கட்டங்கள் அந்த விளிம்பில் நிற்பதன் அடையாளம். எனவே மழையோ, காற்றில் ஆடும் மரமோ, பக்கத்து அறையின் எல்இடி விளக்கோ சற்றே குறுக்கிட்டாலும் படம் போய்விடாத அளவுக்கு மிச்சம் வைத்துக்கொண்டு ஆன்டெனாவை அமைக்க வேண்டும்.

உங்கள் ஊரின் இருப்பிடத்தை முதலில் பார்ப்போம். நியூயார்க் நிலையங்கள் பலவும் ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டரிலிருந்தும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்தும் ஒளிபரப்புகின்றன. அவை உங்களுக்கு வடகிழக்கே இருக்கின்றன. பிலடெல்பியாவின் கோபுரங்கள் ராக்ஸ்பரோ என்னும் பகுதியில் கூட்டமாக நிற்கின்றன. அவை தென்மேற்கே இருக்கின்றன. அதாவது இரண்டு நகரங்களும் உங்களுக்கு ஏறக்குறைய நேரெதிர்த் திசைகளில் உள்ளன. ராபிட்இயர்ஸ் இணையதளத்தில் உங்கள் முகவரியையும் ஆன்டெனா நிற்கப்போகும் உயரத்தையும் கொடுத்தால், ஒவ்வொரு நிலையமும் எந்தத் திசையில், எவ்வளவு வலுவோடு வந்து சேரும் என்று பட்டியலிட்டுக் காட்டும். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி வைத்திருக்கும் வரைபடத்தைவிட அது நுணுக்கமானது.

அந்தப் பட்டியலில் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது, திரையில் தெரியும் சேனல் எண்ணை அன்று, நிலையம் உண்மையில் பயன்படுத்தும் அலைவரிசை எண்ணை. டிஜிட்டலுக்கு மாறிய நாளிலிருந்து இவை இரண்டும் வெவ்வேறாக இருக்கலாம். 2017-இல் முடிந்த அலைக்கற்றை ஏலத்தில் 38 முதல் 51 வரையிலான தொலைக்காட்சி அலைவரிசைகள் கைபேசி நிறுவனங்களுக்கு விற்கப்பட்டதால், 2020-க்குள் ஏராளமான நிலையங்கள் மறுபடியும் இடம்பெயர்ந்தன. இன்று யுஎச்எஃப் எனப்படும் மேல் அலைவரிசைப் பகுதி 14 முதல் 36 வரை மட்டுமே; அதற்குக் கீழுள்ள 2 முதல் 13 வரை விஎச்எஃப் எனப்படும். கடைகளில் விற்கும் தட்டையான ஆன்டெனாக்கள் இந்த யுஎச்எஃப் பகுதிக்கே பொருந்தியவை.

பிலடெல்பியாவின் 6 உங்களுக்கு வராததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. டபிள்யூபிவிஐ எனப்படும் அந்த ஏபிசி நிலையம் திரையில் மட்டுமல்ல, காற்றிலும் 6-ஆம் அலைவரிசையிலேயே, 82 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில் ஒளிபரப்புகிறது. அந்த அலையின் பாதி நீளமே ஏறத்தாழ ஆறடி. ஓரடி அகலமுள்ள தாளால் அதைப் பிடிக்க இயலாது. நியூயார்க்கின் ஏபிசி நிலையம் 7-ஆம் அலைவரிசையிலும், டபிள்யூபிஐஎக்ஸ் என்னும் நிலையம் 11-ஆம் அலைவரிசையிலும் வருகின்றன. அந்நகரத்தின் பிபிஎஸ் நிலையமும் இந்த மேல் விஎச்எஃப் பகுதியில்தான் இருக்கிறது. உங்களிடம் உடைகிறவை பெரும்பாலும் இவையாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன். ஆகவே மகளுக்குப் பிபிஎஸ் வேண்டுமென்றால், விஎச்எஃப் கம்பிகள் தனியாக உள்ள ஆன்டெனாவையே வாங்குங்கள். பெட்டியின் மேல் எச்டி என்றும் 4கே என்றும், இத்தனை நூறு மைல் என்றும் அச்சிட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆன்டெனாவுக்கு டிஜிட்டல், அனலாக் என்ற வேறுபாடு கிடையாது. பூமியின் வளைவு காரணமாக அறுபது எழுபது மைலுக்கு அப்பால் எந்த ஆன்டெனாவாலும் எளிதில் பிடிக்கவும் முடியாது.

கூரைக்கு உட்புறம் இருக்கும் பரணில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக உள்ள, நான்கைந்து அடி நீளமுள்ள யாகி வகை ஆன்டெனாவைத் தொங்கவிட்டாலே நியூயார்க் முழுவதும் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பரணின் உட்புறத்தில் வெப்பத்தைத் தடுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறதா, கூரைமேல் சூரிய மின்தகடுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் பரண் பயன்படாது. கேபிள் ஆர்ஜி6 வகையாக இருக்கட்டும். யுஎச்எஃப் பகுதியில் நூறு அடி நீளத்துக்கு ஐந்து டெசிபெல் அளவில் அது இழக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எடிசன்வாசி

சங்க விதி குறித்து மட்டும் கூறுகிறேன். 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் எஃப்சிசி வகுத்த விதி ஒன்று, உள்ளூர்த் தொலைக்காட்சியைப் பெறுவதற்கான ஆன்டெனாவைக் குடியிருப்போர் சங்கமோ வீட்டு உரிமையாளரோ நகராட்சியோ தடைசெய்யக் கூடாது என்கிறது. நீங்கள் வாடகைக்குக் குடியிருந்தாலும் இந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அந்த உரிமை உங்கள் தனிப்பட்ட பயன்பாட்டில் உள்ள இடத்துக்கு மட்டுமே பொருந்தும். பால்கனி, பின்கட்டு ஆகியவை உங்களுடையவை. டவுன்ஹவுஸ் குடியிருப்புகள் பலவற்றில் கூரையும் வெளிச்சுவரும் பொதுச்சொத்தாக இருக்கும், அங்கே சங்கம் மறுக்கலாம். எனவே உங்கள் வீட்டுப் பத்திரத்தில் கூரை யாருக்கு உரியது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு தொடர்பான நியாயமான நிபந்தனைகளைச் சங்கம் விதிக்கவும் இடமுண்டு. பரணுக்குள் வைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. உங்கள் பிளெய்ன்ஸ்பரோ மிடில்செக்ஸ் கவுண்டியில் இருப்பதால் கேபிளில் உங்களுக்கு நியூயார்க் நிலையங்கள் முதன்மையாக வரும். பக்கத்தில் இருக்கும் வெஸ்ட் விண்ட்சர் மெர்சர் கவுண்டியில் இருப்பதால் அது பிலடெல்பியாத் தொலைக்காட்சிச் சந்தையைச் சேர்ந்தது. ஆன்டெனாவுக்கு இந்த எல்லைகள் கிடையா. நியூயார்க்கின் ஜயண்ட்ஸ் அணி ஆடும் ஆட்டத்தை ஒரு நகரமும் பிலடெல்பியாவின் ஈகிள்ஸ் அணி ஆடும் ஆட்டத்தை இன்னொரு நகரமும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பும்போது இரண்டையும் பெறுவதென்பது எந்தச் சந்தாவிலும் எளிதில் வாய்க்காத ஒன்று. கால்பந்து பிடிக்கும் வீட்டில் அதற்காகவே இரண்டாம் ஆன்டெனா வைக்கலாம் என்பது என் கருத்து.

வட்டுப்பெட்டி

பதிவுசெய்வது பற்றி எழுதுகிறேன். முதலில் சட்டம்: ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை வீட்டில் பதிவுசெய்து பிறகு பார்ப்பது முறையான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இன்று நம் வீடுகளில் இருக்கும் பதிவுக் கருவிகள் எல்லாம் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நிற்கின்றன. உள்ளூர் ஒளிபரப்பை வேறொருவர் பிடித்து இணையம் வழியே நமக்கு அனுப்பும் முயற்சிகளோ நிலைக்கவில்லை. ஏரியோ நிறுவனம் 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது, லோகாஸ்ட் 2021-இல் மூடப்பட்டது. ஆகவே ஆன்டெனாவும் வட்டும் நம் வீட்டிலேயே இருப்பதுதான் உறுதியான வழி.

வழிகள் பல உண்டு. மிக எளியது, ஆன்டெனாவின் டிஜிட்டல் சிக்னலைத் தொலைக்காட்சிக்கு மாற்றித் தரும், யுஎஸ்பி துளை உள்ள கன்வெர்ட்டர் பெட்டி. நாற்பது ஐம்பது டாலருக்குள் கிடைக்கும், ஒரு பென் டிரைவைச் செருகிப் பழைய விசிஆர்போல நேரம் குறித்துப் பதிவுசெய்யலாம். அடுத்தது டேப்லோ, அதன் நான்காம் தலைமுறைக் கருவிக்கு மாதக் கட்டணம் இல்லை, நிகழ்ச்சி அட்டவணையும் இலவசம், அமைப்பதும் எளிது. ஆனால் அதில் பதிவானவை அந்தப் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். கோப்பாக எடுத்து வேறிடத்தில் சேமிக்க வழி தரப்படவில்லை. மகளுக்காக ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதால், அது உங்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

நான் பரிந்துரைப்பது எச்டிஹோம்ரன் போன்ற நெட்வொர்க் ட்யூனரை. ஆன்டெனாக் கேபிளை அதன் பின்புறத்தில் செருகி, அதை ரவுட்டரோடு ஈதர்நெட் கேபிளால் இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லாத் திரைகளுக்கும் அது சேனலை வழங்கும். பதிவுசெய்யும் வேலையை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கணினியோ, வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டியோ செய்யும். அதில் ஜெல்லிஃபின் என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவினால் மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அட்டவணைக்கு மட்டும் ஸ்கெடியூல்ஸ் டைரக்ட் அமைப்புக்கு ஆண்டுச் சந்தா செலுத்த வேண்டும், அது முப்பத்தைந்து டாலர் அளவில் இருக்கும். காற்றிலேயும் அட்டவணை வருகிறது என்றாலும் அது சில மணி நேரங்களுக்கு மட்டுமே உரியது, வாரம் முழுவதற்கும் திட்டமிட உதவாது. பிளெக்ஸ், சேனல்ஸ் என்னும் மென்பொருள்களும் நன்றாக வேலை செய்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் உண்டு. சேனல்ஸ் மென்பொருளின் தரத்தைப் பார்க்கையில் அந்தப் பணம் தகும், ஆனால் நீங்கள் கட்டணமில்லாத வழி கேட்டதால் ஜெல்லிஃபினை முன்வைக்கிறேன்.

இவ்வழியில் பதிவாகும் கோப்பு, நிலையம் அனுப்பிய எம்பெக்-2 படம் அப்படியே, ஒரு புள்ளியும் குறையாமல் வட்டில் விழுவது. அதே நிலையத்தைக் கேபிளில் பார்ப்பதைவிட ஆன்டெனாவில் படம் தெளிவாக இருப்பதாகப் பலர் கூறுவதற்குக் காரணம், கேபிள் நிறுவனங்கள் இடத்தை மிச்சப்படுத்த அதை மறுபடி சுருக்குவது. ஒரு மணி நேர எச்டி நிகழ்ச்சி ஐந்து முதல் எட்டு ஜிகாபைட் வரை பிடிக்கும். 2 டெராபைட் வட்டில் முந்நூறு மணி நேரம் வரை வைக்கலாம். ஆண்டுக்கணக்கில் வைக்கவிருப்பவற்றை எச்.264 என்னும் இன்னும் சுருக்கமான வடிவத்துக்கு மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு இடமே போதும். சிபிஎஸ், என்பிசி ஆகியவை 1080ஐ என்ற இடைவரி முறையில் வருவதால், மாற்றும்போது டீஇன்டர்லேஸ் செய்ய, அதாவது பிரிந்த வரிகளை முழுப் படமாகச் சேர்க்க, மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் அசைவுகளில் சீப்புப் பற்கள்போல் கோடுகள் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளுக்கு முடிவு நேரத்தை ஒரு மணி நேரமாவது நீட்டி வையுங்கள். ஆட்டம் இழுத்துக்கொண்டே போனால் அன்றைய மாலை நிகழ்ச்சிகள் அனைத்தும் தள்ளிப்போகும். அட்டவணைக்கு அது தெரியாது.

பொருநைக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. பரணில் ஏறிப் பார்த்தேன். அலுமினியத் தாள் இல்லை, எங்கள் பகுதிக் கூரையில் மின்தகடுகளும் இல்லை. இரு நகரங்களையும் பெறலாம் என்பது ஆவலைத் தூண்டுகிறது. இரண்டு ஆன்டெனாக்களை எதிரெதிர்த் திசையில் வைத்து, ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைத் திருப்பிப் போட்டு ஒன்றாக இணைத்துவிட்டால் போதுமா? அடுத்து, கடையில் நெக்ஸ்ட்ஜென் டிவி என்று குறியிட்ட ட்யூனர்களைப் பார்த்தேன். விலை கூடுதலாக இருக்கிறது, ஆனால் எதிர்காலத்துக்கு அதுவே நல்லது என்று விற்பனையாளர் கூறுகிறார். மேலும், ஜெல்லிஃபின் போன்றவற்றை அப்பாவால் கையாள முடியுமா என்பதே என் பெரிய கவலை.

அலைவாங்கி

ஸ்ப்ளிட்டரைத் திருப்பிப் போட்டு இணைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே நிலையத்தின் சிக்னல் இரண்டு ஆன்டெனாக்களிலும் சற்றே வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று சிதைக்கும். இணைப்பிலேயே மூன்றரை டெசிபெல் இழப்பும் உண்டு. இதைவிடச் சீரான வழி, ஆன்டெனாவுக்கு ஒன்றாக இரண்டு நெட்வொர்க் ட்யூனர்களை வைப்பது. சிக்னல்களைக் கேபிளில் கலக்காமல், சேனல் பட்டியல்களை மென்பொருளில் சேர்த்துவிடலாம். நியூயார்க் நிலையங்கள் 2, 4, 5, 7, 9, 11, 13 என்றும் பிலடெல்பியா நிலையங்கள் 3, 6, 10, 12, 17, 29 என்றும் திரையில் தெரிவதால் முக்கிய எண்களில் மோதலும் வராது. முதலில் நியூயார்க்குக்கு மட்டும் அமைத்து, சில வாரங்கள் பார்த்தபின் இரண்டாவதைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

6-ஆம் அலைவரிசைக்கு மட்டும் ஒரு குறிப்பு: எஃப்எம் வானொலி 88 மெகாஹெர்ட்ஸில், அதாவது 6 முடியும் இடத்திலேயே தொடங்குகிறது. எஃப்எம் தடுப்பி உள்ள ஆம்பிளிஃபயரைப் பொருத்தினால் அந்தத் தடுப்பி 6-ஐயும் சேர்த்து வெட்டிவிடக்கூடும். ஆம்பிளிஃபயர் இல்லாமல் முதலில் முயன்று பாருங்கள். அருகில் கைபேசிக் கோபுரம் இருந்தால் அதன் வலுவான சிக்னலையும் சேர்த்துப் பெருக்கி, ஆம்பிளிஃபயர் நன்மையைவிடத் தீமையே செய்யும்.

குமரிமுனை

அப்பாவைப் பற்றிய கவலைக்கு எளிய விடை இருக்கிறது. என் மாமியார் எங்களோடு இருப்பதால் இதே ஏற்பாட்டைத்தான் செய்திருக்கிறோம். ஆன்டெனாக் கேபிளை ஒரு ஸ்ப்ளிட்டரால் பிரித்து, ஒரு முனையை நெட்வொர்க் ட்யூனருக்கும் மறுமுனையை அப்பாவின் தொலைக்காட்சிக்கு நேரடியாகவும் கொடுத்துவிடுங்கள். தொலைக்காட்சிக்குள்ளேயே ட்யூனர் இருப்பதால் அவர் 7 என்று அழுத்தினால் 7 வரும். இணையம் போனாலும், கணினி நின்றாலும், அவருடைய செய்தி நிற்காது. சேனல்களைத் தேடி முடித்தபின், அவர் பார்க்காத விற்பனை சேனல்களையும் துணைச் சேனல்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். மேலும் கீழும் அழுத்தும்போது வேண்டிய ஏழெட்டு மட்டும் வரும். பெரியவர்களுக்குப் பதிவுக் கருவியைக் கற்றுக்கொடுக்க முயல்வதைவிட, அவர்கள் பார்க்கும் நேரலையை எந்தச் சிக்கலுமின்றி வைத்திருப்பதே நாம் செய்யக்கூடிய நல்லது.

வட்டுப்பெட்டி

நெக்ஸ்ட்ஜென் டிவி குறித்து விற்பனையாளர் கூறியதை நான் ஏற்கவில்லை. ஏடிஎஸ்சி 3.0 என்னும் அந்தப் புதிய ஒளிபரப்புத் தொழில்நுட்பம் நல்லது. படத்தைச் சுருக்கும் எச்இவிசி முறையும் சிக்னலை அலையில் ஏற்றும் புதிய முறையும் சேர்ந்து, ஜன்னலில் வைத்த ஆன்டெனாவிலும் படத்தை நிலையாக நிறுத்தக்கூடியவை. 2017-இல் எஃப்சிசி அதற்கு அனுமதி அளித்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதன்பின் நிலையங்கள் பலவும் அந்த ஒளிபரப்பை, நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் என்னும் மென்பொருள் பூட்டோடு அனுப்பத் தொடங்கின. பூட்டிய சேனலைச் சான்று பெற்ற கருவி மட்டுமே திறக்க முடியும்; ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள்களால் அதைப் பதிவுசெய்ய இயலாது. ஒலியும் ஏசி-4 என்ற புதிய வடிவில் வருவதால், பூட்டு இல்லாத சேனல்களிலும் பல சாதனங்களில் சத்தம் கேட்காது. எல்ஜி நிறுவனம் காப்புரிமை வழக்கு ஒன்றின் காரணமாகத் தன் 2024-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிகளிலிருந்து அந்த ட்யூனரையே எடுத்துவிட்டது.

பொதுமக்களுக்குச் சொந்தமான காற்றலையில், உரிமம் பெற்று ஒளிபரப்புகிறவர்கள், வீட்டில் பதிவுசெய்வதைப் பூட்டு போட்டுத் தடுப்பது நியாயமில்லை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். எஃப்சிசி கருத்துக் கேட்கும்போதெல்லாம் நம்மைப் போன்றவர்கள் எழுதுவது பயன் தரும். அவர்களுடைய இணையதளத்தில் பொதுமக்கள் எவரும் கருத்தைப் பதியலாம். உங்களுக்கு இப்போது தேவையான எல்லா நிலையங்களும் பழைய ஏடிஎஸ்சி 1.0 முறையில், பூட்டின்றி வந்துகொண்டிருக்கின்றன. நான்கு ட்யூனர் உள்ள சாதாரணக் கருவியை வாங்கி, வைத்துக்கொள்ள விரும்புகிறவற்றை இப்போதே பதிவுசெய்யத் தொடங்குங்கள்.

எடிசன்வாசி

பிற்பாடு 6-ஆம் அலைவரிசைக்காக ஆன்டெனாவைப் பின்கட்டில் கம்பத்தில் ஏற்ற முடிவு செய்தால், நிலத்தொடர்பு கொடுக்காமல் விடாதீர்கள். கம்பத்தையும், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதன் உறையை நிலத்தொடர்போடு சேர்க்கப் பொருத்தும் கிரவுண்ட் பிளாக்கையும், 10 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த செம்புக் கம்பியால் வீட்டின் மின்சார நிலத்தொடர்போடு இணைக்க வேண்டும். தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்துவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு; இரண்டு நிலத்தொடர்புகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாவிட்டால், இடி விழும்போது அவற்றுக்கிடையே எழும் மின்னழுத்தம் ட்யூனர் வழியாகவே பாயும். கம்பம் அமைக்கும் முன் மேலே செல்லும் மின்கம்பிகளிலிருந்து போதிய தூரம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பம் சாய்ந்து விழுந்தாலும் அவற்றைத் தொடாத இடமாக இருக்க வேண்டும்.